யாழ்ப்பாணத்துச் சிறுவரும் விடுமுறைக் காலங்களும்



விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்தவர் பலருடைய மனத்தில் எழுவது பயணம். கடல் சூழ்ந்த தீவொன்றுக்குச் சென்று, மணலில் வீடு கட்டி, அலையில் நனைந்து, பிள்ளைகள் களித்துத் திரும்புவதையே நல்ல விடுமுறை என எண்ணுகின்றோம். அத்தகைய தீவுகளைத் தேடும் பிற நாட்டுப் பெற்றோரின் எண்ணத்தில் வருவனவற்றுள் நமது இலங்கையும் ஒன்றாகும். ஆனால் அத்தீவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமது விடுமுறையை எவ்வாறு கழித்தார்கள் என்ற வினாவை வரலாறு எழுதியோர் பெரும்பாலும் எழுப்பவில்லை. அரசர்களின் ஆண்டுகளையும் போர்களின் நாட்களையும் குறித்து வைத்தவர்கள், பட்டம் எந்தக் காற்றில் ஏறியது, ஊஞ்சல் எந்த மாதத்திற் கட்டப்பட்டது என்பவற்றை எழுதி வைப்பது தம் கடமையெனக் கருதினாரல்லர். விடுபட்ட அந்தப் பகுதியை, உரும்பிராய் என்னும் ஊரை நடுவாக வைத்து, இன்று சிறிது நோக்குவோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலி, கோண்டாவில் என்னும் ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தொலைவில் உரும்பிராயை அடைவர். மானிப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதி அவ்வூரிலே பலாலி வீதியைக் குறுக்கறுக்கின்றது. செம்மண் நிலம்; வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளையும் தோட்டங்கள்; வேலியடைத்த வளவுகள்; வளவுக்கு வளவு கிணறு. அங்குள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலைக் கலிங்கத்துப்பரணியிற் புகழப்பெறும் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானோடு இணைத்துச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகின்றது. குடாநாட்டின் வடகரையிலுள்ள தொண்டைமானாறும் அவன் பெயரால் அமைந்ததே என்பர்.

இவ்வூரில் கடற்கரை இல்லை. மலை இல்லை. ஆறு என்று சொல்லத்தக்கது குடாநாடு முழுவதிலுமே இல்லை. அவ்வாறாயின், இங்குள்ள பிள்ளைக்கு விடுமுறையில் என்ன இருந்தது? காற்று இருந்தது, பனை இருந்தது, கிணறு இருந்தது, கோயில் இருந்தது, கூட்டிச் செல்வதற்கு அம்மானும் சித்தப்பாவும், கதை சொல்வதற்கு ஆச்சியும் அப்புவும் இருந்தனர். விலை கொடுத்து வாங்கிய பொருள் மிகக் குறைவு. ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் இருந்தது. அக்காலங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து ஓராண்டு வட்டமாக அமைந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுவர் விடுமுறையின் உயிர் அந்த வட்டத்திலேயே இருக்கின்றது.

விடுமுறை என்னும் வழக்கமே பல மாறுதல்களைக் கண்டது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாரவிடுமுறை, தவணை விடுமுறை என்பன இல்லை. அமாவாசையும் பூரணையும் போன்ற வாவு நாட்களில் ஏட்டைக் கட்டி வைத்தனர். பண்டிகை நாட்களில் ஓய்ந்தனர். சந்திரனைப் பார்த்தே பிள்ளை தன் ஓய்வு நாளை அறிந்தது எனலாம். 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர்; 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்களது செமினரி தொடங்கிற்று. அவர்களுடைய பாடசாலைகளும், அவற்றுக்கு எதிர்நின்று ஆறுமுக நாவலர் வழியிலே தோன்றிய சைவப் பாடசாலைகளும், பின்னர் அரசாங்கப் பாடசாலைகளும் பெருகப் பெருக, கல்வியாண்டு தவணைகளாக வகுக்கப்பட்டது. மூன்று தவணைகள், அவற்றின் முடிவில் ஏப்பிரல், ஆகஸ்டு, டிசம்பர் மாதங்களில் மூன்று நீண்ட விடுமுறைகள். நம்மவர் அவற்றைச் சித்திரை விடுமுறை, ஆவணி விடுமுறை, மார்கழி விடுமுறை எனத் தமிழாக்கி வழங்கினர். சட்டம் வெளியிலிருந்து வந்தது. பெயரையும் பொருளையும் ஊர் கொடுத்தது.

இதற்கிடையில் மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் உத்தியோகந் தேடிக் கொழும்புக்கும் கண்டிக்கும், கடல் கடந்து மலாயாவுக்கும் சென்றனர். 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமை பெற்றது. அதன் பின்னர், ஊரை விட்டுச் சென்றவர் ஒரே இரவில் ஊர் திரும்புதல் எளிதாயிற்று. தென்னிலங்கையில் வளர்ந்த பிள்ளைகள் தவணை முடிந்ததும் தாயோடு பெட்டி படுக்கைகளுடன் புகையிரதம் ஏறினர். 1956இல் யாழ்தேவி என்னும் கடுகதி வண்டி ஓடத் தொடங்கியபோது அது ஒரு பகற்பொழுதுப் பயணமாகவும் ஆயிற்று. ஆனையிறவைத் தாண்டி, உப்பளங்களும் பனைகளும் சன்னலிற் தோன்றியதும் பிள்ளைகள் எழுந்து நிற்பர். கோண்டாவில் நிலையத்தில் இறங்கினால் உரும்பிராய் அண்மையிலேயே உள்ளது. இவ்வாறு, ஊரிலிருக்கும் பிள்ளையும் ஊருக்கு வரும் பிள்ளையும் ஒரே முற்றத்தில் விளையாடும் காலமாக விடுமுறை உருப்பெற்றது. கொழும்புப் பிள்ளைக்குப் பட்டங் கட்டத் தெரியாது. ஊர்ப் பிள்ளை அதனைக் கற்பித்தது. கற்பித்த பெருமையும் கற்ற மகிழ்ச்சியும் சேர்ந்தே அவ்வுறவு வளர்ந்தது.

அவர்கள் விளையாடியவை நேற்றுத் தோன்றிய விளையாட்டுகளல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஈற்றில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் பருவங்கள் வரும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடலும் அம்மானையும் ஊசலும் வரும். சிலர் கழங்கையும் சேர்த்துக்கொண்டனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், காவிரிப்பூம்பட்டினத்தின் வீட்டு முற்றங்களில் மூன்று உருளை பூண்ட சிறுதேரைக் குழந்தைகள் ஓட்டித் திரிந்தமையைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். இலக்கியத்தில் அரசகுமாரனுக்கும் தெய்வக் குழந்தைக்கும் உரியனவாகப் பாடப்பெற்ற இவ்விளையாட்டுகள் யாவும், உரும்பிராய்த் தோட்டக்காரரின் பிள்ளைக்கும் வேறு பெயர்களிற் கிடைத்தன. அவற்றை விடுமுறைதோறும் காண்போம்.

முதலாவது சித்திரை விடுமுறை. வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத வெப்ப காலம் அது. புத்தாண்டு பிறக்கின்றது. மருத்துநீர் தேய்த்து முழுகி, புத்தாடை உடுத்தி, பெரியோர் கையாற் கைவிசேடம் பெற்றபின், பிள்ளைகள் நாடுவது ஊஞ்சலை. மாவிலோ புளியிலோ வேம்பிலோ தடித்த கிளை பார்த்துக் கயிறு கட்டிப் பலகை பூட்டுவர். பெண்பிள்ளைகள் இருவர் எதிரெதிராக நின்று உழக்க, ஊஞ்சல் கிளையை எட்டும் அளவுக்கு உயரும். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குத் திருவூஞ்சற் பாக்கள் ஏராளமாகப் பாடப்பெற்றுள்ளன. ஊஞ்சலில் இறைவனை இருத்திப் பார்த்த மனம், முதலில் தன் பிள்ளையை அதில் இருத்திப் பார்த்திருத்தல் வேண்டும்.

ஆண்பிள்ளைகளும் இளைஞரும் போர்த்தேங்காய் அடிப்பர். சிறியதாயும் ஓடு தடித்ததாயும் உள்ள தேங்காயைத் தேர்ந்து வைத்திருப்பர். ஒருவன் தன் தேங்காயை நிலத்தில் வைப்பான்; மற்றவன் தன் தேங்காயால் அதனை ஓங்கி அடிப்பான். உடைந்தது எவனுடையதோ அவன் தோற்றான். உடையாவிடின் முறை மாறும். எந்தத் தோட்டத்துத் தேங்காய் எவ்வளவு வலியது என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும். உடைந்த தேங்காய்களும் வீணாவதில்லை. சொதிக்கும் சம்பலுக்கும் உதவும்.

இக்காலத்திலேயே பனையில் நுங்கு இறக்குவர். பெருவிரலால் நுங்கைத் தோண்டிக் குடித்தபின் எஞ்சுவது கோம்பை. அது மாட்டுக்கு உணவு. ஆனால் மாட்டுக்குப் போகுமுன் அது பிள்ளையின் கைக்குப் போகும். இரண்டு கோம்பைகளை ஒரு தடியின் இரு முனைகளிலும் பூட்டி, கவருள்ள நீண்ட கம்பொன்றினால் தள்ளிச் சென்றால் பனங்காய் வண்டில். அதுவே நம் பிள்ளையின் சிறுதேர். குதிரை பூட்டாத அத்தேர் ஓடாத ஒழுங்கை உரும்பிராயில் இருந்ததில்லை.

இரண்டாவது ஆவணி விடுமுறை. சோளகக் காற்று வீசுகின்ற காலம். ஆடி மாத முதல் நாளாகிய ஆடிப்பிறப்பு இதற்கு முன்னோடியாக வரும். அன்று பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர், 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர், அந்நாளைப் பற்றிப் பாடிய சிறுவர் பாடல் ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளின் மகிழ்ச்சி எத்தகையது என்பதைப் பெரும்புலவர் ஒருவர் பாடத்தக்க பொருளாக மதித்தார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறும். 1734இல் குருக்கள் வளவில் அமைந்த இன்றைய கோயில் உரும்பிராய்க்குத் தெற்கே, நடந்து செல்லத்தக்க தொலைவில் உள்ளது. இருபத்தைந்து நாள் திருவிழா ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். பிள்ளைக்கு அது பக்தி விழாவாகவும் பெருஞ்சந்தையாகவும் ஒருங்கே விளங்கிற்று. கச்சான் கடையும், வளையற் கடையும், ஊதினால் ஊரைக் கூட்டும் அம்மம்மா குழலும், பெரியப்பாவின் தோளிலிருந்து தேர் பார்த்தலும் யாழ்ப்பாணத்தவர் எவரும் மறவாதவை.

ஆவணியின் அதிகாலைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இரவிலே பனம்பழம் தொப்பென விழும் ஒலி கேட்கும். எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று படுக்கையிலிருந்தே குறித்துக்கொண்ட பிள்ளை, விடியுமுன் கடகத்தோடு புறப்படும். பழத்தைச் சுட்டு உண்பர்; களியைப் பிசைந்து பணியாரம் சுடுவர்; பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்குவர். எஞ்சிய கொட்டைகளை வளவின் ஒரு மூலையிற் பாத்தி கட்டி அடுக்கி மண்ணால் மூடுவர். அப்பாத்தியில் தன் கையால் நாலு கொட்டைகளை வைத்த பிள்ளைக்கு, அடுத்த விடுமுறையில் என்ன நிகழும் என்று காத்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மூன்றாவது மார்கழி விடுமுறை. மாரி மழை பெய்து தணிந்து, வாடைக் காற்று நிலைபெறும் காலம். திருவெம்பாவை நாட்களில் விடியற்காலையிலே சேமக்கலம் ஒலித்துச் சங்கூதி ஊரை எழுப்பிச் செல்வோர் பின்னே, குளிரில் நடுங்கியவாறு சிறுவரும் செல்வர். பொழுது விடிந்ததும் வானத்தைப் பார்ப்பர். ஏனெனில் அது பட்டத்துக்குரிய காலம்.

யாழ்ப்பாணத்துப் பட்டம் ஒரு கைத்தொழில் என்றே சொல்லத்தகும். சிறுபிள்ளை ஈர்க்கிலும் தாளிலும் தொடங்கும். வளர்ந்தவர் மூங்கிலைச் சீவிக் கட்டுவர். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், வௌவாற் பட்டம், எட்டுமூலைப் பட்டம் என வடிவத்தாற் பெயர் பெறும். முச்சை கட்டுதலிலேயே அதன் உயிர் தங்கியுள்ளது. முச்சை ஒரு விரலளவு பிசகினாலும் பட்டம் குத்துக்கரணமிடும். தலைப்பக்கத்தில் வில்லைப்போல் வளைத்த தடியில் மெல்லிய நாரை இழுத்துப் பூட்டுவது விண். காற்றுப் பட்டவுடன் அந்நார் அதிர்ந்து முழங்கும். பெரிய விண் பூட்டிய பட்டத்தை மாலையில் ஏற்றிக் கயிற்றை மரத்திற் கட்டிவிட்டு உறங்கச் செல்வர். அது இரவு முழுவதும் ஊரின்மேற் கூவிக்கொண்டிருக்கும். விண்ணின் ஒலி தாழ்ந்தால் காற்றுக் குறைந்தது எனப் படுத்திருக்கும் பிள்ளை அறியும். வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளில் நிகழும் பட்டப் போட்டி அண்மை ஆண்டுகளிற் பெரும்புகழ் பெற்றுள்ளது. அதற்கு வித்து இத்தகைய ஊர்வெளிகளிலேயே இடப்பட்டது.

மார்கழியும் தையும் பனம்பாத்தி கிண்டும் காலமுமாகும். ஆவணியில் வைத்த கொட்டை கிழங்கு விட்டிருக்கும். கிழங்கை அவித்து உண்பர். அவித்த கிழங்கைக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது காயவைத்தால் ஒடியல். கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெண்மையான பூரான் இருக்கும். அது கிண்டியவர்களுக்கு உடனே கிடைக்கும் கூலி. இப்பொழுது, நேயர்களே, வட்டம் நிறைவாயிற்று. சித்திரையில் நுங்கும், ஆவணியிற் பழமும், மார்கழி தையிற் கிழங்கும் ஒரே பனையின் மூன்று நிலைகள். மூன்று விடுமுறையிலும் ஊரிலிருந்த பிள்ளை, எவரும் பாடமாகச் சொல்லாமலே, ஒரு மரத்தின் ஆண்டு முழுவதையும் அறிந்துகொண்டது.

இம்மூன்று காலத்துக்கும் பொதுவான விளையாட்டுகளும் பல. அவற்றுள் தலையாயது கிளித்தட்டு. நிலத்திலே கோடுகள் கீறிக் கட்டங்கள் அமைப்பர். ஒரு கட்சியார் குறுக்குக் கோடுகளிற் காவல் நிற்பர். அவர்களுள் கிளி எனப்படுவோன் நடுக்கோட்டின் வழியே முன்னும் பின்னும் ஓடலாம். மற்றக் கட்சியார் பிடிபடாமற் கட்டங்களைக் கடந்து சென்று மீளவேண்டும். பந்தும் மட்டையும் வேண்டாத விளையாட்டு. நிலாவும் ஒரு முற்றமும் போதும். பெண்பிள்ளைகள் கொக்கான் வெட்டினர். அது பழந்தமிழர் கழங்கின் வழிவந்தது. மழை நாட்களில் புளியங்கொட்டைகளோடு பல்லாங்குழி ஆடினர். இரவில் ஆச்சிமார் நொடி போட்டனர். விடை தெரியாத பிள்ளை மறுநாள் இரவு வரையும் அதனையே நினைந்து திரிந்தது.

நீராடலைப் பற்றியும் சொல்லுதல் வேண்டும். குடாநாடு சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்தது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. உரும்பிராய்க் கிணறுகள் யாவும் அந்த நன்னீரையே தருகின்றன. முன்னாளில் துலா மிதித்து நீர் இறைத்தனர். ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னும் நடப்பர். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை வார்ப்பார். வாய்க்காலில் ஓடும் குளிர்ந்த நீரிற் படுத்துருள்வது பிள்ளைகளுக்குக் காலை விளையாட்டு. வாழைக்குப் பாத்தி மாறிக் கட்டுவது அதனோடு சேர்ந்த வேலை. விளையாட்டு எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்கிற்று என்று பிரித்துச் சொல்வது கடினம். இயந்திரப் பம்பிகள் வந்தபின் துலாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

விடுமுறையில் ஒரு நாளாவது குடும்பத்தோடு வண்டில் கட்டிக் கீரிமலைக்குச் செல்வது வழக்கம். கடலுக்கு மிக அருகில், நன்னீர் ஊற்று நிறைந்த கேணியில் நீந்தலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரு பக்கம் உப்புக் கடல். சில அடி தள்ளி உப்பில்லாத ஊற்று. இவ்வதிசயத்தைப் பிள்ளைகள் நாவினாலேயே சோதித்து அறிவர். அங்கே நீராடிக் கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவர் கதையையும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி கதையையும் பெரியோர் சொல்வர். அத்துடன் பாறையின் கதையையும் சொன்னாற் பிள்ளைகள் இருமடங்கு மகிழ்வர். தம் வீட்டுக் கிணற்று நீருக்கும் இவ்வூற்றுக்கும் உள்ள உறவை அவர்கள் அறிந்துகொள்வர்.

உரும்பிராய்க்கு வடகிழக்கே, புத்தூரை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணறு உள்ளது. இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஐதிகம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக உள்ள இக்கிணற்றை, 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலிலே எமர்சன் தெனன்ட் என்பார் விவரித்துள்ளார். அது நின்று கண்டு வியத்தற்குரியது, இறங்கி நீந்துதற்குரியதன்று. நிலத்தடியில் உள்ள இரு நீர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடச் சிறந்த இடமில்லை. கடலில் விளையாடுவதற்குக் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையும் வேலணைச் சாட்டிக் கடற்கரையும் உகந்தவை. அங்கே கடல் நெடுந்தூரம் ஆழமின்றி இருக்கும். எனினும் சிறுவர் நீரில் இறங்கும்போது நீந்தத் தெரிந்த ஒருவர் அருகிருத்தல் எங்கும் வேண்டப்படுவதே. வடமராட்சியில் வல்லிபுரத்தையும் மணற்காட்டையும் சூழ்ந்த மணற்குன்றுகளில் ஏறி உருள்வது, மலை காணாத பிள்ளைகளுக்கு மலையேற்றமாக அமைந்தது.

இந்த வட்டம் இடையறாது சுழன்று வந்திருப்பின் இப்பேச்சுக்கே தேவை இருந்திராது. 1983இன் பின் நாட்டில் மூண்ட போர் இதனைப் பலவிடங்களில் அறுத்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அதே ஆண்டிலிருந்து காங்கேசன்துறை, பலாலிப் பகுதி மக்கள் இடம்பெயர, கீரிமலைக்குத் தடையின்றிச் செல்வதென்பது பல ஆண்டுகளுக்கு இல்லாது போயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கி இரவோடிரவாக நடந்தனர். உரும்பிராயும் வெறிச்சோடிற்று. காவலரண்கள் அமைப்பதற்காகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. கண்ணிவெடி அச்சத்தால், வளவின் மூலையையும் தோட்டவெளியையும் பிள்ளைகளுக்கு விலக்கி வைக்கவேண்டிய நிலை பெற்றோருக்கு ஏற்பட்டது. விளையாட்டிடமே ஆபத்திடமாகிய ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது. எனினும் அந்த ஆண்டுகளிலும் பிள்ளைகள் கிளித்தட்டு மறித்தார்கள். கிடைத்த தாளிற் பட்டங் கட்டினார்கள். விளையாட்டின் வலிமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

2009இற் போர் முடிவுற்றது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாண நகருக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. இப்பொழுது விடுமுறைக்கு ஊர் வருவோரிற் பலர் கொழும்பிலிருந்து வருவோரல்லர். கனடா, இங்கிலாந்து, பிரான்சு, செருமனி, நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வருவோர். அப்பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை கோடைக்காலத்திலேயே கிடைக்கின்றது. ஆகவே அவர்கள் ஊரைக் காண்பது ஆடி, ஆவணி மாதங்களில் மட்டுமே.

இதன் விளைவை நாம் சிந்தித்தல் வேண்டும். அப்பிள்ளைகள் நல்லூர்த் தேரைக் காண்கின்றனர், பட்டத்தைக் காண்பதில்லை. பனம்பழத்தை மணக்கின்றனர், நுங்கையும் கிழங்கையும் அறிவதில்லை. வறண்ட தோட்டத்தைக் காண்கின்றனர். மாரியில் அதே தோட்டம் பச்சை பிடித்து நிற்பதைக் காண்பதில்லை. மூன்று பகுதியுள்ள கதையில் நடுப்பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் படித்தவர் நிலையிலே அவர்கள் இருக்கின்றனர். ஊர் எப்பொழுதும் வெப்பமும் தூசியும் கூட்டமும் நிறைந்தது என அவர்கள் எண்ணினால் குற்றம் அவர்களுடையதன்று. மார்கழியும் தையும் நீண்ட விடுமுறையாகவுள்ள அவுஸ்திரேலியாவிலிருந்து வரும் பிள்ளைகளே விண்ணின் ஒலியைக் கேட்கும் வாய்ப்புடையோர்.

ஊரிலேயே வளரும் பிள்ளைகளின் நிலையும் முன்னைப்போல் இல்லை. விடுமுறை நாட்களைத் தனியார் வகுப்புகள் பங்கிட்டுக் கொள்கின்றன. கையிலுள்ள தொலைபேசி மிகுதிப் பொழுதைக் கவர்ந்து கொள்கின்றது. வேலிகள் மதில்களாகின்றன, ஊஞ்சல் தாங்கும் மரங்கள் அருகுகின்றன. தோட்டங்களில் உரமும் மருந்தும் மிகுந்தமையாற் கிணற்று நீரிற் நைத்திரேற்று மிகுதல் ஆய்வாளரின் கவலையாக உள்ளது. வாய்க்காலிற் படுத்துருண்ட பிள்ளை, தன் பேரனை அதே நீரில் இறங்கவிடத் தயங்குகின்ற காலம் இது. காற்று ஒன்றுதான் மாறாது தன் முறைப்படி வருகின்றது. அதனை ஏற்பதற்கு ஒரு வெளியும், ஒரு பனையும், கற்பிப்பதற்கு ஒரு பெரியவரும் எஞ்சியிருத்தல் வேண்டும்.

ஆதலின், ஊர் வரும் பெற்றோர்க்கும் ஊரிலுள்ள பெரியோர்க்கும் சில சொற்கள். பிள்ளைகளை வண்டியிலேற்றி ஒரே நாளிற் பத்து இடங்களைக் காட்டுவதில் அதிக பயனில்லை. ஒரு நாள் கீரிமலை, ஒரு நாள் நிலாவரை, ஒரு நாள் கடற்கரை என அமைத்து, மிகுதி நாட்களை முற்றத்துக்கு விடுதல் நன்று. முற்றத்திலே கிளித்தட்டுக்குக் கோடு கீறுங்கள். கோடு கீறுபவர் அப்புவாக இருப்பின் மேலும் சிறப்பு. அயலிலுள்ள பிள்ளைகளை அழையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளை அரைகுறைத் தமிழில் தொடங்கினும், ஆட்டம் முடியுமுன் வேண்டிய சொற்களைத் தானே தேடிக்கொள்ளும். இரவில் ஒரு நொடியாவது போடுங்கள். இயலுமாயின் ஆண்டொன்று விட்டு ஓராண்டேனும், சில நாட்களாயினும், பொங்கலை ஒட்டி ஊருக்கு வாருங்கள்.

அது இயலாதோர் இதனையாவது செய்யலாம். ஆவணியில் வந்த பிள்ளையின் கையால் நாலு பனங்கொட்டைகளைப் பாத்தியில் வைப்பியுங்கள். பிள்ளை தன் நாடு திரும்பிவிடும். தை மாதத்தில் ஆச்சி அப்பாத்தியைக் கிண்டும்போது தொலைபேசியில் அழைத்து, இது நீ வைத்த கிழங்கு மோனை என்று காட்டட்டும். பனிபெய்யும் நாட்டிலிருக்கும் அப்பிள்ளைக்கு, தான் காணாத மாதங்களிலும் தன் ஊர் தொழிற்பட்டுக்கொண்டே இருக்கின்றது என்பது அன்று விளங்கும். கிழங்கிற் சிலவற்றைப் புழுக்கொடியலாக்கி, வருவார் போவார் கையிற் கொடுத்தனுப்பினால், அதனைக் கடித்துப் பார்த்தும் அறிந்துகொள்ளும்.